எட்டும் தறுவாயில் எடுக்கப்பட்ட சலுகை

கார் வாங்கினால் அரசாங்கம் உங்களுக்குப் பணம் தரும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? நமது நாட்டில் வாகனம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது வரிதான். காரின் விலையைப் பற்றிப் பேசியதைவிட அதன் மீது விழும் வரியைப் பற்றியே நாம் அதிகம் பேசியிருப்போம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல ஆண்டுகளாக இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடு இருந்தது. மின்சாரத்தில் ஓடும் புதிய கார் ஒன்றை வாங்கும் குடும்பத்துக்கு அந்நாட்டு மத்திய அரசாங்கம் 7,500 டொலர் வரை வரியில் விட்டுக்கொடுத்தது. ஏற்கனவே ஒருவர் பாவித்த மின்சாரக் காரை வாங்கியவருக்கு 4,000 டொலர் வரை கிடைத்தது. 2025 செப்டெம்பர் 30 ஆம் திகதியோடு இரண்டும் நின்றுபோயின.

"பணக்கார நாட்டில் கார் வாங்குவோரின் சலுகை போனால் நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கார் என்பது அமெரிக்காவில் செல்வந்தரின் அலங்காரப் பொருள் அல்ல. சில பெருநகரங்களை விட்டு வெளியே வந்தால் பஸ் என்பதே அபூர்வம். பிள்ளையைப் பாடசாலையில் விடுவதற்கும், வேலைக்குப் போவதற்கும், ஒரு இறாத்தல் பாண் வாங்குவதற்கும்கூட காரில் ஏற வேண்டிய ஊர்கள் அங்கே ஏராளம். கணவனும் மனைவியும் வேலை செய்யும் வீட்டில் இரண்டு கார் இருப்பது ஆடம்பரத்தினால் அல்ல, வேறு வழியில்லாமையினால்தான். வீட்டு வாடகைக்கு அடுத்தபடியாகக் குடும்ப வருமானத்தை விழுங்குவது இந்தக் கார்தான். ஆகவே, இச்சலுகையை அத்தனை ஆண்டுகள் அனுபவித்தவர் யார், அது யாருடைய கைக்கு வந்து சேரும் நேரத்தில் பறிபோயிற்று என்று பார்ப்பது வீண் வேலையாகாது.

சலுகை பிறந்த கதை

2008 ஒக்டோபரில் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் கையொப்பமிட்ட சட்டமொன்றில்தான் இதன் வித்து இடப்பட்டது. எண்ணெய் விலை ஏறி இறங்கி உலகையே ஆட்டிவைத்த ஆண்டு அது. அடுத்த ஆண்டு ஒபாமாவின் ஆட்சியில் அது திருத்தப்பட்டது. காரின் பற்றரி எவ்வளவு மின்சாரத்தைத் தாங்குமோ அதற்கேற்ப 2,500 டொலரிலிருந்து 7,500 டொலர் வரை வரிக்கழிவு. ஒரு நிறுவனம் 2 இலட்சம் கார்களை விற்றுவிட்டால் அதன் கார்களுக்கு மட்டும் சலுகை படிப்படியாகக் குறைந்து இல்லாமற்போகும். புதிய தொழில் நடைபழகும் வரை கையைப் பிடித்துக்கொள்வோம், நடக்கத் தொடங்கியதும் விட்டுவிடுவோம் என்பது எண்ணம். அப்படி நினைத்ததில் தவறில்லை. 2010 டிசெம்பரில் நிசான் லீஃப், செவ்ரோலெட் வோல்ட் ஆகிய கார்கள் விற்பனைக்கு வந்தபோது சலுகை தயாராகக் காத்திருந்தது.

இங்கே 'வரிக்கழிவு' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

அரசாங்கம் உங்கள் கையில் காசோலையைத் தரவில்லை. ஆண்டு முடிவில் நீங்கள் கட்டவேண்டிய வருமான வரியில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்றது. சரி, உங்களுக்கு 7,500 டொலர் வரி இல்லை, 2,000 டொலர்தான் வரி என்றால்? உங்களுக்குக் கிடைப்பது 2,000 டொலர் மட்டுமே. மீதி 5,500 டொலரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. பிள்ளைகள் மூன்று நான்கு பேர், சம்பளம் குறைவு, அதனால் வரியே இல்லை என்ற நிலையில் உள்ள குடும்பத்துக்கு? ஒன்றுமே இல்லை. யாருக்கு உதவி மிக அவசியமோ அவருக்குப் பூச்சியம். யாருக்கு அவசியமில்லையோ அவருக்கு முழுத்தொகை.

அத்தோடு முடியவில்லை. ஜனவரியில் காரை வாங்கியவர் அந்த ஆண்டுக்கான வரிப் பத்திரத்தை அடுத்த ஆண்டு ஏப்ரல் நடுப்பகுதிக்குள் சமர்ப்பிப்பார். காருக்கான முழுப் பணத்தையும் முதலில் கொடுத்துவிட்டு, ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்துதான் அரசாங்கத்தின் பங்கைக் காண முடியும். காத்திருக்க வசதியுள்ளவருக்கே அந்த வாசல் திறந்திருந்தது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளியல் ஆய்வாளர்களான செவரின் போரென்ஸ்டைன், லூகஸ் டேவிஸ் இருவரும் அரசாங்கத்தின் வரிப் புள்ளிவிபரங்களை ஆராய்ந்து 2016 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துலாம்பரமாகக் காட்டியது. அமெரிக்க மக்களை வருமானத்தின்படி ஐந்து பங்காகப் பிரித்தால், மின்சாரக் கார்ச் சலுகையில் ஏறத்தாழ 90 வீதம் மேலேயுள்ள ஒரு பங்கினரிடமே போய்ச் சேர்ந்திருந்தது. எஞ்சிய நான்கு பங்கினருக்கும் சேர்த்து மீதி 10 வீதம். சுற்றாடலைக் காக்கும் நல்ல நோக்கம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பஸ் சாரதியும் தாதியும் கட்டிய வரியில் டொக்டரின் இரண்டாவது காருக்கு 7,500 டொலர் கொடுத்ததைச் சமூக நீதி என்று சொல்ல நாக்கூசுகிறது.

பழைய காருக்கும் ஒரு வழி

2022 ஓகஸ்டில் நிலைமை மாறியது. ஜனாதிபதி பைடனின் பெரிய சட்டமொன்று செனட் சபைக்கு வந்தபோது வாக்குகள் 50க்கு 50 எனச் சமமாக நின்றன. உப ஜனாதிபதி கமலா ஹரிஸ் தமது ஒரு வாக்கைப் போட்டு அதை நிறைவேற்றினார். ஓகஸ்ட் 16 ஆம் திகதி அது சட்டமாயிற்று. 2 இலட்சம் கார் என்ற எல்லை 2023 இலிருந்து நீக்கப்பட்டது. 2018 இல் அந்த எல்லையைத் தாண்டியதால் சலுகையை இழந்திருந்த டெஸ்லா, ஜெனரல் மோட்டர்ஸ் ஆகிய நிறுவனங்களின் கார்களும் மீண்டும் உள்ளே வந்தன. 2032 ஆம் ஆண்டு முடியும் வரை சலுகை நீடிக்கும் என்றும் எழுதப்பட்டது.

இம்முறை வேலியும் போடப்பட்டது. தம்பதியராக வரி செலுத்துவோரின் வருமானம் ஆண்டுக்கு 3 இலட்சம் டொலருக்கு மேல் போகக்கூடாது. தனியாளாயின் 1 இலட்சத்து 50 ஆயிரம். காரின் விலை 55 ஆயிரம் டொலருக்கு மேற்படக்கூடாது. வான், பிக்கப் போன்ற பெரிய வாகனங்களுக்கு 80 ஆயிரம். கார் வட அமெரிக்காவிலேயே பொருத்தி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். பற்றரியின் பாகங்களும் கனிமங்களும் எங்கிருந்து வந்தன என்பதற்கும் விதிகள். சீனாவின் பிடியிலிருந்து விலக வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

ஆனால் என் பார்வையில் இச்சட்டத்தின் உண்மையான புதுமை, பத்திரிகைகள் அதிகம் பேசாத ஒரு மூலையில் இருந்தது. அதுவரை பழைய கார் வாங்குபவரை மத்திய அரசாங்கம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இப்போது பாவித்த மின்சாரக் காருக்கும் அதன் விலையில் 30 வீதம், உச்சமாக 4,000 டொலர் வரிக்கழிவு கிடைத்தது. காரின் விலை 25 ஆயிரம் டொலருக்கு மேற்படக்கூடாது. கார் குறைந்தது இரண்டு ஆண்டு பழையதாக இருக்க வேண்டும். அனுமதி பெற்ற விற்பனையாளரிடமே வாங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கைமாற்றாக வாங்கினால் செல்லாது. வருமான எல்லையும் பாதியாக, தம்பதியருக்கு 1 இலட்சத்து 50 ஆயிரம் டொலராக வைக்கப்பட்டது. ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இதைப் பெறலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 ஆயிரம் டொலருக்கு ஒரு பழைய லீஃப் கிடைக்கிறது. அதில் 30 வீதம் 3,600 டொலர். ஆகவே காரின் விலை 8,400 டொலராகிறது. 20 ஆயிரம் டொலர்க் காருக்கு 30 வீதம் 6,000 ஆனாலும் உச்ச எல்லை 4,000 என்பதால் 16 ஆயிரத்துக்கு வீட்டுக்கு வரும்.

இன்னொரு மாற்றம் 2024 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. வரிக்கழிவை வாங்குபவர் அடுத்த ஆண்டு வரை சுமக்கத் தேவையில்லை. விற்பனையாளருக்கே அதை மாற்றிக் கொடுத்துவிடலாம். அவர் அந்தத் தொகையை அங்கேயே, அப்போதே விலையில் குறைப்பார். பின்னர் அரசாங்கத்திடமிருந்து பெற்றுக்கொள்வார். இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. இவ்வாறு மாற்றிக் கொடுத்தால், வாங்குபவர் கட்டவேண்டிய வரி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் முழுத்தொகையும் கிடைக்கும், பின்னர் திருப்பிக் கேட்கப்படமாட்டாது என்று இறைவரித் திணைக்களம் தெளிவுபடுத்தியது. வருமான எல்லையை மீறியவர் மட்டுமே திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கும் காரைப் பெற்ற ஆண்டின் வருமானம், அதற்கு முந்திய ஆண்டின் வருமானம் இரண்டில் எது குறைவோ அதையே காட்டலாம்.

பதினைந்து ஆண்டுகளாகப் பணக்காரரின் வாசலில் நின்ற சலுகை, அன்றுதான் சாதாரணக் குடும்பத்தின் படியேறியது. வரியே இல்லாத ஏழைத் தாய்க்கும் 4,000 டொலர் கையோடு குறையும் என்ற நிலை அப்போதுதான் வந்தது. அது நீடித்தது ஓராண்டும் ஒன்பது மாதமும்.

இச்சட்டத்தில் ஓட்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெரிய ஓட்டையொன்று இருந்தது. காரை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தால், அதாவது நாம் லீசிங் என்கிறோமே, அது வர்த்தக வாகனமாகக் கணிக்கப்பட்டது. வர்த்தக வாகனத்துக்கு வருமான எல்லையும் இல்லை, விலை எல்லையும் இல்லை, எங்கே செய்யப்பட்டது என்ற கேள்வியும் இல்லை. 7,500 டொலர் குத்தகைக் கம்பனிக்குப் போய், மாதாந்தத் தவணையில் குறைந்து வந்தது. முன்வாசலில் காவல் போட்டுவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்த கதைதான். கொரியாவிலும் ஜெர்மனியிலும் செய்யப்பட்ட விலையுயர்ந்த கார்களும் அதன் வழியே நுழைந்தன.

தவணை முடிந்த நாள்

2025 ஜூலை முதலாம் திகதி செனட் சபையில் மீண்டும் வாக்குகள் 50க்கு 50. இம்முறை வாக்கைப் போட்டவர் உப ஜனாதிபதி ஜே.டி. வான்ஸ். உப ஜனாதிபதி ஒருவரின் ஒற்றை வாக்கால் வந்தது, இன்னோர் உப ஜனாதிபதியின் ஒற்றை வாக்கால் போனது. பிரதிநிதிகள் சபையில் 218க்கு 214. ஜூலை 4 ஆம் திகதி, அந்நாட்டின் சுதந்திர தினத்தில், ஜனாதிபதி ட்ரம்ப் கையொப்பமிட்டார். 2032 வரை என்று எழுதப்பட்டிருந்த சலுகைக்கு 2025 செப்டெம்பர் 30 என்று நாள் குறிக்கப்பட்டது. புதிய கார், பழைய கார், குத்தகைக் கார் மூன்றுக்கும் ஒரே நாள். வீட்டில் மின்னேற்றும் கருவி பொருத்துவதற்கான சலுகைக்கு மட்டும் 2026 ஜூன் 30 வரை தவணை விடப்பட்டது.

மூன்று மாதம்கூட இல்லாத அவகாசத்தில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். பெருநாளைக்கு முந்திய இரவுக் கடைத்தெருவைப் போலாயிற்று கார் விற்பனை முற்றம். ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலாண்டில் சுமார் 4 இலட்சத்து 38 ஆயிரம் புதிய மின்சாரக் கார்கள் விற்பனையாயின. அமெரிக்க வரலாற்றில் அதற்கு முன் எந்தக் காலாண்டிலும் அவ்வளவு விற்றதில்லை. விற்ற புதிய வாகனங்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் மின்சார வாகனம். செப்டெம்பர் 30க்குள் ஒப்பந்தம் எழுதி ஒரு சிறு முற்பணமாவது கட்டியிருந்தால் போதும், கார் பிறகு வந்தாலும் சலுகை உண்டு என்று இறைவரித் திணைக்களம் ஓகஸ்டில் அறிவித்தது பலருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது.

ஒக்டோபர் பிறந்ததும் அந்தச் சந்தடி அடங்கியது. அவ்வாண்டின் கடைசிக் காலாண்டில் விற்பனை சுமார் 2 இலட்சத்து 34 ஆயிரமாகச் சுருங்கியது. வாங்க நினைத்தவர்களில் பலர் முன்கூட்டியே வாங்கிவிட்டதும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறந்துவிடக்கூடாது. ஆனால் கம்பனிகள் தங்கள் கணக்குப் புத்தகத்தில் எழுதியது அதைவிடக் கடுமையானது. மின்சாரக் கார்த் திட்டங்களைச் சுருக்குவதன் பொருட்டு ஜெனரல் மோட்டர்ஸ் 2025 ஒக்டோபரில் 160 கோடி டொலர் நட்டம் எழுதியது. போர்ட் நிறுவனம் டிசெம்பரில் 1,950 கோடி டொலர் நட்டத்தை அறிவித்து, முழுக்க மின்சாரத்தில் ஓடிய தனது பெயர்பெற்ற பிக்கப் வண்டியின் உற்பத்தியையும் நிறுத்தியது.

இன்னொரு புறத்தில் ஒரு வேடிக்கை. சலுகை போன சில நாட்களிலேயே ஹியூண்டாய் தனது ஐயோனிக் 5 காரின் புதிய ஆண்டு வகைகளின் விலையை 9,800 டொலர் வரை குறைத்தது. டெஸ்லா சில வசதிகளைக் கழற்றிவிட்டுச் சற்று மலிவான வகைகளைக் கொண்டுவந்தது. அப்படியானால் இத்தனை நாளும் அந்த 7,500 டொலர் யாருடைய சட்டைப்பையில் விழுந்தது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அரசாங்கம் தருகிறது என்று தெரிந்தால் கடைக்காரர் விலையை ஏற்றி வைப்பது உலக வழக்கம். 2019 ஜனவரியில் டெஸ்லாவின் சலுகை பாதியானபோதும் அது தன் கார்களின் விலையில் 2,000 டொலரைக் குறைத்தது. ஆகவே, போன பணம் முழுவதும் வாங்குபவரின் நட்டம் என்று கணக்கிடுவதும் சரியாகாது. ஒரு பகுதி கம்பனியின் இலாபத்திலிருந்து போயிருக்கிறது.

ஆனால் இந்த ஆறுதல் புதிய கார் வாங்குபவருக்குத்தான். பழைய கார் வாங்குபவருக்காக விலையைக் குறைக்கப் பெருங்கம்பனி எதுவும் முன்வராது. அமெரிக்காவில் புதிய காரின் சராசரி விலை 2025 செப்டெம்பரில் முதன்முறையாக 50 ஆயிரம் டொலரைத் தாண்டியது. அந்த விலையில் வாங்க முடியாத பெரும்பான்மைக் குடும்பங்கள் பழைய கார்ச் சந்தையையே நம்பி இருக்கின்றன.

வட்டிக்கு வந்த சலுகை

இனி நான் சொல்லப்போவதை நமது வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். மின்சாரக் கார்ச் சலுகையை எடுத்த அதே சட்டம், வேறொரு கார்ச் சலுகையைக் கொடுத்தது. காருக்காக எடுத்த கடனின் வட்டியில் ஆண்டுக்கு 10 ஆயிரம் டொலர் வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2025 முதல் 2028 வரை நான்கு ஆண்டுகளுக்கு இது செல்லும். கார் மின்சாரத்தில் ஓடினாலும் பெற்றோலில் ஓடினாலும் ஒன்றுதான். ஆனால் அது புதிய காராக இருக்க வேண்டும். அமெரிக்காவிலேயே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கடன் எடுத்திருக்க வேண்டும்.

பணத்தைச் சிறுகச் சிறுகச் சேமித்து, வட்டிக்குக் கடன் வாங்காமல் ரொக்கமாகக் கொடுத்து வாங்குபவருக்கு இதில் ஒரு சதமும் இல்லை. பழைய கார் வாங்குபவருக்கும் இல்லை. வட்டியிலிருந்து விலகி நிற்கும் அமெரிக்க முஸ்லிம் குடும்பம் ஒன்று, 16 ஆயிரம் டொலரைச் சேர்த்துக்கொண்டு 20 ஆயிரம் டொலர்ப் பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்கப் போயிருந்தால், 2025 செப்டெம்பரில் அது முடிந்திருக்கும். ஒக்டோபரில் 4,000 டொலர் குறையும். அந்தக் குறையை நிரப்பக் கடன் வாங்கினாலும், கார் பழையது என்பதால் வட்டிச் சலுகையும் கிடைக்காது.

இரண்டு சலுகைகளின் எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னையது வரியிலேயே கழிந்தது. பின்னையது வருமானத்தில்தான் கழிகிறது. நடுத்தர வருமானமுள்ள ஒருவர் ஆண்டுக்கு 2,000 டொலர் வட்டி கட்டுகிறார், அவருடைய வரி வீதம் 12 என்று வைத்துக்கொண்டால், அவருக்கு மிச்சமாவது 240 டொலர். அதிக கடன், அதிக வட்டி, அதிக வரி வீதம் உள்ளவருக்கே இதில் அதிக இலாபம். சேமிப்பவனைவிடக் கடன்படுபவனுக்கு உதவும் இந்த ஏற்பாட்டை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்குப் புரியவில்லை.

சலுகையை எதிர்த்தவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். அரசாங்கத்தின் கடன் மலையாக ஏறிக்கிடக்கிறது. சலுகை இல்லாவிட்டாலும் வாங்கியிருக்கக்கூடியவர்களுக்கே பெரும் பணம் போனது. எந்தக் கார் வாங்குவது என்பதை மக்கள் தீர்மானிக்கட்டும் என்றார்கள். புதிய கார்களையும் குத்தகையையும் பொறுத்தவரை இதில் பெரும்பகுதி உண்மைதான். அப்படியானால் அந்த இரண்டையும் நிறுத்திவிட்டு, வருமான எல்லையுள்ள பழைய கார்ச் சலுகையை மட்டுமாவது விட்டுவைத்திருக்கலாம். அதற்குச் செலவும் குறைவு. களை பிடுங்கப் போனவர் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்.

முன்னரும் நடந்ததுதான்

சலுகையைத் திடீரென்று எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவுக்குள்ளேயே பாடம் இருந்தது. தென்பகுதியிலுள்ள ஜோர்ஜியா மாநிலம் மத்திய அரசாங்கத்தின் பணத்துக்கு மேலதிகமாகத் தானும் 5,000 டொலர் கொடுத்துவந்தது. அதனால் அட்லாண்டா நகரத்தில் நிசான் லீஃப் தண்ணீர்பட்ட பாடாக விற்றது. 2015 ஜூலையில் மாநிலம் அதை நிறுத்தியதோடு மின்சாரக் காருக்கு ஆண்டுக்கு 200 டொலர் கட்டணமும் விதித்தது. சில வாரங்களில் விற்பனை அதல பாதாளத்துக்குப் போனது. அதே ஆண்டில் நமது நாட்டிலும் குறைந்த இறக்குமதி வரியைக் கண்டு அதே லீஃப் கார்களை ஆயிரக்கணக்கானோர் வாங்கியதும், ஆண்டின் பிற்பகுதியில் வரி உயர்ந்ததும் இறக்குமதி சுருங்கியதும் சிலருக்கு நினைவிருக்கலாம்.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் கொடுமை. அரசாங்கம் ஒதுக்கிவைத்திருந்த 6,000 கோடி யூரோவைப் பாவிக்க முடியாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. டிசெம்பர் 16, ஒரு சனிக்கிழமை, மின்சாரக் கார் மானியம் நிறுத்தப்படுவதாக அறிவித்தார்கள். மறுநாள் இரவோடு விண்ணப்பம் ஏற்பது முடிந்தது. காருக்கு உத்தரவு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். 2023 இல் 5 இலட்சத்து 24 ஆயிரமாக இருந்த மின்சாரக் கார் விற்பனை 2024 இல் 3 இலட்சத்து 81 ஆயிரமாக விழுந்தது. ஆனால் 2025 இல் மானியம் இல்லாமலே அது மீண்டும் எழுந்து பழைய அளவைத் தாண்டிவிட்டது. மலிவான கார்கள் பல சந்தைக்கு வந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். 2026 ஜனவரியில் ஜெர்மனி புதிய மானியம் ஒன்றை அறிவித்தது. இம்முறை குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்தும், வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கணக்கிட்டும் தொகையைத் தீர்மானிக்கிறார்கள். முதல் தடவை செய்யத் தவறியதை இரண்டாம் தடவை செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மாநிலங்கள் சில தம்மால் இயன்றதைச் செய்யப் பார்த்தன. கொலராடோ மாநிலம் 2025 நவம்பரில், குறைந்த வருமானமுள்ளோர் பழைய பெற்றோல் வாகனத்தை ஒப்படைத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கினால் புதியதற்கு 9,000 டொலர், பாவித்ததற்கு 6,000 டொலர் என்று உதவியை உயர்த்தியது. அதே மாநிலம் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துவந்த சலுகையை வெட்டிக் குறைத்துவிட்டது. டெக்ஸாஸ் நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. அங்கே 2023 செப்டெம்பர் முதல் மின்சாரக் காருக்கு ஆண்டுக்கு 200 டொலர் கட்டணம். புதிய காராயின் பதிவு செய்யும்போது 400 டொலர். மின்சாரக் கார் பெற்றோல் அடிப்பதில்லை, பெற்றோல் வரி இல்லாமல் வீதியை எப்படிப் பராமரிப்பது என்பது அவர்களுடைய கேள்வி. அக்கேள்விக்கும் பதில் தேட வேண்டியதுதான்.

பழைய கார் வாங்கக் காத்திருக்கும் குடும்பத்துக்கு ஒரு செய்தி மட்டும் சாதகமாக இருக்கிறது. அந்தப் பின்வாசல் வழியாக 2023 இல் மூன்றாண்டுக் குத்தகைக்குப் போன கார்கள் 2026 முதல் திரும்பிவரத் தொடங்கின. ஒவ்வொரு காருக்கும் அரசாங்கம் ஏற்கனவே 7,500 டொலர் வரை கொடுத்துவிட்டது. அதன் பலனை முதற் குத்தகைக்காரர் அனுபவித்துவிட்டார். மின்சாரக் காரின் விலை பெற்றோல் காரைவிட வேகமாக இறங்குவது வழக்கம். புதியதாக 45 ஆயிரம் டொலருக்கு விற்ற கார் மூன்றாண்டில் 25 ஆயிரத்துக்குக் கீழ் வருவது அங்கே புதுமையல்ல. பற்றரிக்கு உற்பத்தியாளர்கள் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 1 இலட்சம் மைல். குத்தகை முடிந்து வரும் காரில் அந்த உத்தரவாதத்தில் இன்னும் ஐந்து ஆண்டுகள் மீதமிருக்கும்.